விட்ட பந்து

ஒரு சொட்டு போதும், இன்னும் ஒரே ஒரு சொட்டு என்று கோமதி நினைத்துக்கொண்டிருக்கும்போதே நாலைந்து சொட்டு விழுந்து முடிந்துவிட்டது. “ஏட்டி, நிறுத்துட்டி! நெறம் வந்து எவ்வளவு நேரமாச்சு” என்று பக்கத்தில் நின்ற பெனசீர் பாய்ந்து வந்து பியூரெட் குழாயின் திருகை அடைத்தாள். குடுவைக்குள் லேசான ரோஜா நிறமாக வந்து நின்றிருக்க வேண்டியது, கத்திரிப்பூ நிறத்துக்குப் போய் உட்கார்ந்திருந்தது. கெட்டது போ. இனி அதைக் கொட்டிவிட்டு, குடுவையைக் கழுவி, பிப்பெட்டில் மறுபடி இருபது மில்லி ஆக்சாலிக் அமிலம் எடுத்து, கந்தக அமிலம் சேர்த்துச் சூடுபண்ணி, மறுபடி பெர்மாங்கனேட்டைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். இரண்டு தடவை ஒரே அளவு வந்தால்தான் லேப் மிஸ் நோட்டில் கையெழுத்துப் போடுவார். பி.எஸ்ஸி. வேதியியல் முதலாண்டுக்கு வியாழக்கிழமை காலை முழுக்க இந்தச் சொட்டு எண்ணும் வேலைதான். மற்ற வியாழக்கிழமைகளில் கோமதிக்கு இது பிடித்த வேலையும்கூட. கை பாட்டுக்குத் திருகைப் பிடித்திருக்கும், மனசு பாட்டுக்கு மேயும், யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். இன்றைக்கு மனசு மேயப் போகவில்லை. வெள்ளை ஏப்ரனின் வலது பைக்குள் நாலாக மடித்துக் கிடந்த ஒரு தாளின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்றது. பன்னிரண்டரை மணிக்குள் அந்தத் தாளைப் பி.டி. மேடத்தின் மேசையில் வைத்தாக வேண்டும். சுவர்க் கடிகாரத்தில் பத்தே முக்கால். நிறைய நேரம் இருக்கிறது என்று ஒரு தடவையும், நேரமே இல்லை என்று ஒரு தடவையும் தோன்றியது. இரண்டு தடவையும் அவள் பார்த்தது அதே கடிகாரத்தைத்தான்.

பி.டி. மேடம் என்பது உடற்கல்வி இயக்குநர் ரெஜினா மேடம். இயக்குநர் என்ற சொல் அறைக் கதவில் மட்டும் இருக்கும். கல்லூரி முழுவதற்கும் அவர் பி.டி. மேடம்தான். இந்தத் தாள் அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு. சில வருஷத்துக்கு முன்னால் பல்கலைக்கழக அணியின் முகாமுக்குப் போன ஒரு பெண், மூன்றாம் நாள் யாரிடமும் சொல்லாமல் பையைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் பஸ் ஏறிவிட்டாளாம். கூப்பிட்டு விசாரித்ததற்கு, “எல்லாரும் போகச் சொன்னாங்க மேடம், அதான் போனேன்” என்றாளாம். அன்றிலிருந்து விளையாடுகிற பிள்ளைகள் எல்லாருக்கும் வருஷா வருஷம் ஒரு தாள். அதில் மூன்று கட்டம். முதலாவது பல்கலைக்கழக அணி: பதினெட்டு நாள் முகாம், பிறகு ரயிலேறி வடக்கே எங்கோ போய் ஆட வேண்டும். இரண்டாவது கல்லூரி அணி: காலையில் ஒரு மணி, சாயந்திரம் இரண்டு மணி பயிற்சி, வருஷத்துக்கு ஏழெட்டுப் போட்டி. மூன்றாவது துறை அணி: வருஷத்தில் ஒரே ஒரு வாரம், வேதியியலும் வரலாறும் வணிகவியலும் தங்களுக்குள் அடித்துக்கொள்வது. மூன்றுக்கும் கீழே மேடத்தின் கையெழுத்திலேயே ஒரு வரி: ‘யோசித்து, உன் கையால் நீயே டிக் அடிக்கவும்.’ இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். பூப்பந்தில் இந்த வருஷம் இந்தக் கல்லூரியிலிருந்து முகாமுக்குத் தேர்வானவள் கோமதி ஒருத்திதான், அதுவும் முதலாண்டிலேயே. முகாமில் இருக்கும் நாட்களுக்கும் வருகைப் பதிவு கிடைக்க ஓ.டி. தாளில் ஐந்து ஆசிரியர்களும் கையெழுத்துப் போட்டாயிற்று. துறைத் தலைவர் அவளை வகுப்பில் எழுப்பி நிறுத்திக் கைதட்ட வைத்துவிட்டார். அவளும் முதல் கட்டத்தில் ஒரு டிக் அடித்துத்தான் வைத்திருந்தாள். பென்சிலால். ஏன் பென்சில் என்று தன்னையே கேட்டுக்கொண்டபோது, பேனா பைக்குள் இல்லை என்று பதில் வந்தது. பேனா பைக்குள்தான் இருந்தது.

அப்பாவை நினைத்தால்தான் பெரும்பாடு. அப்பா முருகையா ஆலங்குளத்திலிருந்து திருநெல்வேலிக்கு ஓடும் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். ஏழு இருபது வண்டி. கோமதி தினமும் கல்லூரிக்கு வருவதும் அதே வண்டியில்தான், டிரைவருக்குப் பின்னால் ஜன்னலோர இடம் அவளுக்கென்றே கிடக்கும். தேர்வான சேதி வந்த மறுநாள், வண்டி ஊரைத் தாண்டுவதற்குள் உள்ளே இருந்த அத்தனை பேருக்கும் தெரிந்துவிட்டது. “நம்ம மக யுனிவர்சிட்டிக்கு ஆடப் போறா, தெரியும்லா?” டிக்கெட் கிழிக்கிற கையும் நிற்கவில்லை, வாயும் நிற்கவில்லை. பின்படிக்கட்டுப் பக்கம் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு அம்மா, “அப்ப டிவியில வருவாளா அண்ணாச்சி?” என்று கேட்டாள். “வருவா, வருவா. வராம எங்க போவா?” பூப்பந்தை எந்த டிவியில் காட்டுகிறார்கள்! அப்பாவுக்கு ஆட்டத்தில் ஆனா ஆவன்னா தெரியாது. ஒரு பக்கத்துக்கு ஐந்து பேர் என்பதே போன மாதம்தான் தெரியும். கையில் மட்டை இருந்ததால் அதுவரை டென்னிஸ் என்றே நினைத்திருந்தார். விவரம் தெரிந்தவர்கள் பாராட்டினால் நாலு குறையும் சேர்த்துச் சொல்வார்கள், மூச்சு விட இடம் இருக்கும். இவர் பாராட்டில் இடமே இல்லை. இன்று காலையில் சீதபற்பநல்லூர் நிறுத்தத்தில் கூட்டம் இறங்கின சமயம் பார்த்து, “அப்பா, ஒண்ணு சொல்லணும், நான் அந்த முகாமுக்கு” என்று ஆரம்பித்தாள். அப்பா விசிலை வாயில் வைத்து ஊதினார். ஏறினவர்களில் ஒருவர், “இந்தப் புள்ளைதானா அது?” என்றார். அதோடு சரி, அந்தப் பேச்சு சாலையோரம் இறங்கிக்கொண்டது.

“இந்தா, துணிய வச்சுப் பிடி. கையச் சுட்டுக்கிட்டா அப்புறம் முகாம்ல மட்டையப் பிடிக்க முடியாது பாத்துக்கோ” என்று பெனசீர் சூடான குடுவையை நீட்டினாள். கோமதி வாங்கிக்கொண்டாள். சுட்டுக்கொண்டால் என்ன? ஒரு விநாடி, விளையாட்டுக்கல்ல, நிஜமாகவே அந்த யோசனை வந்தது. கை சுட்டுவிட்டால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். ஐயோ பாவம் என்பார்கள். அப்பா பஸ்ஸில் அதையும் சொல்வார். குடுவையைப் பதமாகப் பிடித்து, பியூரெட்டுக்குக் கீழே நிறம் தெரிய வைத்திருந்த வெள்ளை ஓட்டின் மேல் வைத்தாள். அவளுக்கே பயமாக இருந்தது. இந்த மாதிரி யோசனை இது முதல் தடவை இல்லை. பிளஸ் ஒன் படிக்கும்போது மாவட்டப் போட்டிக்கு முந்தின நாள் மாடிப்படியில் நின்று, மூன்று படி தாண்டிக் குதித்தால் கணுக்கால் பிசகுமா, நாலு படி வேண்டுமா என்று கணக்குப் பார்த்திருக்கிறாள். குதிக்கவில்லை. போய் ஆடினாள், நன்றாகவே ஆடினாள், அதுதான் வினை. ஆட்டம் தொடங்கிவிட்டால் உடம்பு அது பாட்டுக்கு ஆடிவிடும். அதற்கு முன்னால்தான் எல்லாமும். காலையில் எழுந்ததுமே தொண்டைக்குள் ஒரு உருண்டை. ஒரு வாய் இட்லி உள்ளே போனாலும் திரும்பி வரும். குழாயைத் திறந்து விட்டுக்கொண்டுதான் வாந்தி எடுப்பாள், வெளியே சத்தம் கேட்கக் கூடாதில்லையா. மாவட்டத்தில் எந்தப் பள்ளிக்கூடத்தில், எந்தக் கல்லூரியில் கழிப்பறைத் தாழ்ப்பாள் சரியில்லை என்பது அவளுக்கு அத்துப்படி. முதலில் போட்டி நாட்களில் மட்டும் இருந்தது, கல்லூரி அணியில் சேர்ந்த பிறகு பயிற்சி நாட்களுக்கும் வந்தது. பயிற்சி தினமும். அம்மாவோ, விளையாடுகிற பிள்ளை என்று அவித்த முட்டை இரண்டும் கடலை உருண்டையும் சோறுமாக டிபன் பாக்ஸை அமுக்கி அமுக்கி மூடித் தருகிறாள். காலிப் பாத்திரத்தைப் பார்த்து நிம்மதியாகக் கழுவி வைக்கிறாள். ஜூலையிலிருந்து அந்தப் பாத்திரத்தைக் காலி பண்ணுவது பெனசீர். அவள் கன்னம் உப்பியிருக்கிறது. கோமதியின் ஜெர்சி தோளில் தொங்குகிறது.

முதல் சொட்டு விழுந்து, குடுவைக்குள் ஊதாவாகச் சுருண்டு, கரைய யோசித்து, பிறகு இருந்த இடம் தெரியாமல் போயிற்று. இரண்டாவது. மூன்றாவது. போன மாதம் அந்தப் பந்தும் இப்படித்தான் நிதானமாக வந்தது. வேண்டாம், அதை நினைக்க வேண்டாம், சொட்டை எண்ணு. ஆனால் அது வந்துகொண்டுதான் இருக்கிறது, ஒரு மாதமாக வந்துகொண்டே இருக்கிறது. கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி, இறுதி ஆட்டம், மூன்றாவது செட். முப்பத்தைந்து எடுத்தவர்களுக்குக் கோப்பை. எதிரணி முப்பத்துநான்கு, இவர்கள் முப்பத்துமூன்று. கோமதிக்கு இடது பக்கப் பின்வரிசை. எதிர்ப் பக்கத்து நெட்டைப் பெண் ஒருத்தி பந்தை உயரத் தூக்கிவிட்டாள். பூப்பந்து கம்பளிப் பந்து; மஞ்சளாக, எலுமிச்சம்பழம் அளவில், எடையே இல்லாமல் இருக்கும்; கொஞ்சம் காற்றடித்தாலும் காற்று இழுத்த இழுப்புக்குப் போகும். அதனால்தான் பின்வரிசை ஆளுக்குக் கையைவிடக் கண் முக்கியம்: எதை அடிக்க வேண்டும், எதை விட வேண்டும், எது தானாகவே வெளியே போய் விழும் என்று தெரிய வேண்டும். அவளுக்குத் தெரியும். மட்டையிலிருந்து பந்து கிளம்பின உடனேயே தெரிந்துவிட்டது, கோட்டுக்கு உள்ளே, நாலு விரல் உள்ளே. மட்டை பாதி தூரம் மேலே போயிருந்தது. அடித்திருந்தால் முப்பத்துநான்கு முப்பத்துநான்கு ஆகியிருக்கலாம், மறுபடி ஒரு பந்து, மறுபடி ஒன்று, ஜெயித்துக்கூட இருக்கலாம், ஜெயித்தால் அடுத்த போட்டி, அதற்கு அடுத்தது, அங்கே ஒரு கழிப்பறை, ஒரு தாழ்ப்பாள். “அவுட்!” என்று கத்திக்கொண்டு ஒதுங்கி நின்றாள். பந்து அவள் காலடியில், கோட்டுக்கு நாலு விரல் உள்ளே விழுந்து, லேசாக எம்பி, படுத்துக்கொண்டது. எதிர்ப் பக்கம் ஒரே கூச்சல். அந்தக் கூச்சலுக்கு நடுவில் கோமதியின் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று அவிழ்ந்து, அப்பாடா என்றது. தோற்றவளுக்கு வரக்கூடாத அப்பாடா. அதை வாய்விட்டுச் சொல்லிவிட்டோமோ என்று பயந்து வாயைப் பொத்திக்கொண்டாள். பார்த்தவர்கள் அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டார்கள்.

“காத்து இழுத்துட்டுடீ, நீ என்ன செய்வ?” என்று ஓடி வந்து கட்டிக்கொண்டது கேப்டன் அமலா அக்கா. மூன்றாமாண்டு வணிகவியல், மூன்று வருஷமும் இறுதி ஆட்டம் வரை வந்து தோற்றவள், இனி அவளுக்கு ஒரு வருஷம் கிடையாது. அவள் அழுத கண்ணீர் கோமதியின் தோள்பட்டையில் சூடாக ஊறியது, அந்த இடத்தில் இப்போதும் சில நேரம் ஈரமாக இருக்கிற மாதிரி இருக்கும். கோமதி சொல்லியிருக்கலாம். அக்கா, காற்று இல்லை, நான்தான். சொல்லவில்லை. “ஆமாக்கா, காத்து” என்றாள். அப்பாவிடம் காற்று என்றாள். துறைத் தலைவரிடம் காற்று என்றாள். சொல்லிச் சொல்லி இப்போது நினைவிலேயே காற்று அடிக்கிறது: செம்மண் கிளம்புகிறது, மைதானத்தைச் சுற்றிக் கட்டியிருந்த கலர்த்தாள் தோரணம் படபடக்கிறது. நிஜத்தில் தோரணம் ஆடியதா என்று மட்டும் அவள் திரும்பிப் பார்ப்பதில்லை. அடுத்த வாரம் தேர்வுப் பட்டியல் வந்தது. அதற்கு முந்தின ஆட்டங்களைப் பார்த்து எடுத்திருக்கிறார்கள். கோமதி பெயர் இருந்தது, அமலா அக்கா பெயர் இல்லை. அமலா அக்கா அன்றைக்கும் கட்டிக்கொண்டாள். “நீயாவது போறியே, அது போதும்டீ.” அது போதுமாம். இதற்கு அவள் ஒரு அறை விட்டிருந்தால்கூட நன்றாயிருந்திருக்கும்.

“கோமு, மெதுவா. நெறம் வரப் போகுது” என்றாள் பெனசீர். வந்தது. ஒரு சொட்டில் வந்து, ஆட்டிப் பார்த்தும் போகாமல் நின்றது. கோமதி குனிந்து கண்ணை அளவுக்கு நேராக வைத்துப் படித்தாள். பெர்மாங்கனேட் கருநிறம் என்பதால் மேல் விளிம்பைத்தான் பார்க்க வேண்டும். பதினெட்டு புள்ளி நாலு. பெனசீர் எழுதிக்கொண்டாள். இன்னொரு தடவை இதே வந்தால் முடிந்தது. நடுக்கட்டம் ஒன்று இருக்கிறதே, கல்லூரி அணி மட்டும் போதும் என்றால் என்ன? இரண்டு நாளாக அதைத்தான் உருட்டிக்கொண்டிருக்கிறாள். பார்ப்பதற்கு அது நல்ல பிள்ளைக் கட்டம். பெரிசுக்கு ஆசைப்படவில்லை, சின்னதுக்கும் போகவில்லை, அமலா அக்காவுக்கும் துணை, அப்பாவுக்கும் சொல்லிக்கொள்ள ஏதோ ஒன்று. எல்லாரையும் பாதிப் பாதி திருப்திப்படுத்தலாம். ஆனால் தொண்டைக்குள் இருக்கும் உருண்டைக்கு இந்தப் பாதிக் கணக்கெல்லாம் தெரியாது. அது கல்லூரி அணிக்கு ஒரு அளவு, பல்கலைக்கழகத்துக்கு ஒரு அளவு என்று வருவதில்லை. இப்படியே இன்னும் இரண்டு வருஷம் ஆடினால், பந்தைக் கண்டாலே வெறுத்துப் போகும். அதுதான் பயம். மற்ற பயமெல்லாம் இதற்கு அப்புறம். மஞ்சள் பந்து மட்டையில் பட்டு எழும்புகிற அந்தச் சத்தம் ஆறாம் வகுப்பிலிருந்து அவளுக்குப் பிடித்த சத்தம். அதுவே ஒருநாள் குமட்டலாகிவிட்டால், அப்புறம் அவளுக்கென்று என்ன மிச்சம்?

நூலகத்துக்குப் பின்னால் அந்தப் பழைய ஆடுகளம் இருக்கிறதே. ஒரு கம்பம் சாய்ந்து, வலை நடுவில் தொங்கி, கோடு அழிந்து கிடக்கும். இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒரு சாயந்திரம் பி.டி. மேடம் ஊரில் இல்லை, பயிற்சி இல்லை, அப்பா வண்டிக்கு ஒரு மணி நேரம் இருந்தது. அங்கே நூலக உதவியாளர் ஜெபமணி அக்காவும் அலுவலகத்து அக்காமார் சிலரும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒரு ஆள் குறைகிறது, வா பாப்பா என்றார்கள். பந்து நைந்து, கம்பளி பிரிந்து, கோழிக்குஞ்சு மாதிரி இருந்தது. “எத்தனைக்கு எத்தனை?” என்று கோமதி கேட்டாள், பழக்க தோஷம். “யாருக்குத் தெரியும்? நீ போடு” என்றாள் ஜெபமணி அக்கா. போட்டாள். அடித்தாள், விட்டாள், வலையில் மோதினாள், ஒரு பந்து ஜெபமணி அக்காவின் கொண்டையில் போய்ச் செருகிக்கொண்டு எல்லாரும் உட்கார்ந்து சிரித்தார்கள். விட வேண்டிய பந்தை விட்டாள், உள்ளே வருகிற பந்தை ஒன்றுவிடாமல் எடுத்தாள், ஒன்றைக்கூட ஏமாற்றவில்லை. அதை அப்போது கவனிக்கவில்லை, பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் தோன்றியது. வீட்டுக்குப் போனதும் ஆறு தோசை தின்றாள். ஏழாவதுக்குத் தட்டை நீட்டினபோது அம்மா, “மாவு தீந்துட்டுட்டி, என்ன ஆச்சு ஒனக்கு?” என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

ஆறு தோசை. இத்தனை நாள் சுற்றிச் சுற்றி வந்ததற்கு ஆறு தோசைதான் கடைசியில் கிடைத்த சாட்சி. கோமதி பையிலிருந்து தாளை எடுத்து, அமிலம் படாத இடமாகப் பார்த்து மேசையில் விரித்தாள். பெனசீரின் டப்பாவிலிருந்து ரப்பரை எடுத்துப் பென்சில் டிக்கை அழித்தாள். கொஞ்சம் தேய்ந்து அழுக்கானது, பரவாயில்லை. பேனாவை எடுத்து மூன்றாவது கட்டத்தில் அழுத்தி ஒரு டிக். தாள் கிழிந்துவிடப் போகிறது, அவ்வளவு அழுத்தம். அவ்வளவுதான். பூமி பிளக்கவில்லை, பின்வரிசையில் யாரோ ஒருத்தி சோதனைக் குழாயைக் கீழே போட்டு உடைத்தாள், லேப் மிஸ் அவளைத் திட்டினார், கடிகாரத்தில் பதினொன்று ஐம்பது. தோள்கள் இரண்டும் காதுக்குப் பக்கத்திலிருந்து இறங்கி அதனதன் இடத்துக்கு வந்தன. இத்தனை நாளும் அவை மேலே ஏறி நின்றது இறங்கின பிறகுதான் தெரிந்தது. சந்தோஷமாக இருந்தது, வெட்கமில்லாத சந்தோஷம். மூன்றாவது தடவையும் பதினெட்டு புள்ளி நாலு வந்தது. ஆனால் அதில் கோமதிக்குப் பங்கில்லை, பெனசீர் விட்ட சொட்டு. நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு படியிறங்கும்போது அடுத்த உபத்திரவம் தொடங்கியது: மேடம் ஏன் என்று கேட்பாரே? முழங்கால் வலி என்று சொல்லலாம். உட்கார்ந்து எழுந்திரு என்பார். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை எனலாம். சீ, அது வேண்டாம். படிப்புக்காக என்று சொல்லலாம், அதுதான் எல்லாரும் தலையாட்டுகிற காரணம். ஆனால் போன தேர்வில் ஐம்பத்திரண்டு வாங்கினவள் திடீரென்று படிப்பு என்றால் மேடம் என்ன, சுவர்கூடச் சிரிக்கும். காற்றைத்தான் கூப்பிட வேண்டியிருக்கும் போல.

பி.டி. மேடம் தரையில் உட்கார்ந்து வலையின் அறுந்த கண்ணிகளை முடிந்துகொண்டிருந்தார். நிமிராமலே கையை நீட்டித் தாளை வாங்கினார். அழிந்த டிக்கையும் பார்த்தார், அழுத்தின டிக்கையும் பார்த்தார். “என்னட்டி இது?” என்றார். கோமதி முழங்காலைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். வந்தது வேறு. “ஆட்டம் பிடிக்கும் மேடம். ஜெயிக்கணும்னு ஆடுனா சாப்பிட முடியல. வாந்தி வருது. ரெண்டு வருசமா இப்பிடித்தான். யாருக்கும் தெரியாது.” சொல்லி முடித்தபோது காது சூடாக இருந்தது. மேடம் கையிலிருந்த கண்ணியை முடிந்து, பல்லால் கயிற்றை அறுத்துவிட்டு, “அன்னைக்குக் காத்தே அடிக்கலட்டி” என்றார். அடுத்த கண்ணியைக் கையில் எடுத்தார். “தோரணம் ஒரு தாளுகூட அசையல. நான் தோரணத்துக்குக் கீழதான உக்காந்திருந்தேன். ஒனக்கு உள்ள விழுற பந்து தெரியாதா? தெரிஞ்சுதான் விட்ட.” “ஆமா மேடம்.” இந்த இரண்டு சொல்லைச் சொல்ல ஒரு மாதம் ஆகியிருக்கிறது. அழுகை வரும் என்று நினைத்தாள், மூச்சுத்தான் வந்தது, நீளமாக. “அன்னைக்கே கேக்கணும்னு வாய் துறுதுறுன்னு வந்துச்சு. கேட்டா நீ காத்துன்னு சொல்லிருவ, அப்புறம் அதையே பிடிச்சிட்டுத் தொங்குவ. அதான் கேக்கல.” மேடம் தாளை மடித்து மேசை இழுப்பறைக்குள் போட்டார். “கோபம் இல்லாம இல்ல பாத்துக்கோ. ஒரு கோப்பை போயிருக்கு. ஆனா முகாம்ல இருந்து பஸ் ஏறிப் போறதுக்கு இது எவ்வளவோ மேல். ஓ.டி. தாளக் கிழிச்சுப் போட்ரு. அமலாட்ட நான் சொல்லட்டா, நீ சொல்லுதியா?” கோமதி ஜன்னல் வழியாக வணிகவியல் கட்டடத்தைப் பார்த்தாள். அமலா அக்கா இந்த நேரம் அங்கேதான் இருப்பாள். கேட்டால் கட்டிக்கொள்வாளா, பேசாமலே போய்விடுவாளா, தெரியாது. “நானே சொல்லுதேன் மேடம். இன்னைக்குச் சாயந்திரம்.” “சரி. கெமிஸ்ட்ரில போன வருசம் மூணு பேருதான் வந்தாளுவ. ஆள் இல்லாம ஆடாமலே தோத்தாச்சு. இந்த வருசமாவது அஞ்சு பேரைத் தேத்து. போ.”

வெளியே வந்தால் உச்சி வெயில், வேப்பமரத்தில் ஒரு இலை அசையவில்லை. கோமதி அதை நின்று பார்த்தாள், தைரியமாக, நேராக. அப்பாவிடம் சாயந்திரம் பஸ்ஸிலேயே சொல்லிவிடலாம், விசில் ஊதுவதற்குள். முகம் விழுந்துபோகும். சீதபற்பநல்லூர் வரைக்கும் பேச மாட்டார். அதற்கு அப்புறம் பூக்கூடை அம்மா கேட்பாள், அப்பாவால் ரொம்ப நேரம் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது, “நம்ம மக கெமிஸ்ட்ரிக்கே ஆடுதா” என்பார். அந்த அம்மாவுக்கு அதுவும் பெரிய ஊர் என்றுதான் தோன்றும். நினைத்ததும் கோமதிக்குத் தனியாகச் சிரிப்பு வந்தது. அமலா அக்காவை நினைத்ததும் சிரிப்பு நின்றது. அது இருக்கும். அது சாயந்திரம் முடிகிற விஷயம் இல்லை, கொஞ்ச நாள் கூடவே வரும், வரட்டும். ஆனால் தொண்டைக்குள் கைவிட்டுத் தேடின மாதிரி தேடிப் பார்த்தாலும் அந்த உருண்டையைக் காணோம்.

வகுப்பில் பெனசீர் ஏற்கெனவே கோமதியின் டிபன் பாக்ஸை எடுத்து மேசை மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். எலுமிச்சைச் சோறு, ஓரத்தில் உருளைக்கிழங்கு, மேலே முட்டை இரண்டு. மூடியைத் திறந்ததும் தாளித்த கடுகு வாசனை வந்தது. வயிற்றுக்குள் எங்கோ ஒரு ஆழத்தில் ஏதோ புரண்டு எழுந்தது. பெனசீர் வழக்கம்போல முதல் முட்டைக்குக் கையை நீட்டினாள். கோமதி அந்தக் கையைப் பட்டென்று ஒரு அடி அடித்தாள்.

“கைய எடுட்டி.”

“என்னட்டி?”

“எனக்குப் பசிக்கு.”

பெனசீர் அவளை மேலும் கீழும் பார்த்தாள். கோமதி முட்டையை இரண்டாகப் பிய்க்காமல் அப்படியே வாயில் போட்டு அடக்கிக்கொண்டாள். அடுத்தது சோறு, பெரிய பெரிய கவளமாக. விழுங்கினது விழுங்கின இடத்திலேயே இருந்தது. கண்ணில் நீர் கட்டியது, பச்சை மிளகாய் கடிபட்டிருந்தது, அதனாலும் இருக்கலாம்.

“அப்ப நான் எதத் திங்க?” என்றாள் பெனசீர், நிஜமான கவலையோடு.

“நாளையிலருந்து ஒங்க வீட்ல கட்டிட்டு வா. அப்புறம், கெமிஸ்ட்ரி டீமுக்கு அஞ்சு பேரு வேணும். ஒம் பேரயும் எழுதப் போறேன்.”

“எனக்கு மட்டையப் பிடிக்கவே தெரியாதுட்டி!”

“ஜூலைலருந்து விளையாட்டுப் பிள்ளச் சோறு தின்னிருக்கேல்லா?” என்றாள் கோமதி, வாய் நிறையச் சோற்றோடு. “வந்து ஆடு.”